கேட்டா குத்தமா?

"அண்ணே, பாப்பாவுக்கு மெட்ராஸ்ல வேலை கெடைச்சிருச்சு. ஐ.டி. கம்பெனி. இனிமே கவலை இல்லண்ணே, செட்டில்!"

அருப்புக்கோட்டையிலிருந்து என் தம்பி போன் பண்ணியபோது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். டூ வீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவன். இருபத்தைந்து வருஷமாக க்ரீஸ் கையோடு உழைத்து, கல்விக் கடன் வாங்கி, மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தான். அவன் சந்தோஷப்படாமல் வேறு யார் சந்தோஷப்படுவது?

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். காரப்பாக்கத்தில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள். இளைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தவள், இரண்டாவது இட்லியில் கையை எடுத்துவிட்டாள்.

"பெரியப்பா, எனக்கு கோடிங் வராதோன்னு தோணுது. ஊருக்கே போயிடட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலேஜில் டிபார்ட்மென்ட்டிலேயே இரண்டாவதாக வந்த பெண் இவள். கடைசி வருஷ புராஜெக்ட்டை மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே எழுதினாள். அவளுக்கா கோடிங் வராது?

உட்காரவைத்து, ஆதியிலிருந்து சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஏறியது கோபம். அந்தக் கோபத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் இறக்கிவைக்கப் போகிறேன்.

முதல் இரண்டு மாதம் வகுப்பறைப் பயிற்சி. ஜாவா, டேட்டாபேஸ், பவர்பாயின்ட், கைதட்டல் எல்லாம் உண்டு. அதில் நல்ல மார்க்தான் வாங்கியிருக்கிறாள். பிறகு ஒரு புராஜெக்ட்டில் போட்டார்கள். லேப்டாப் வந்தது நாலாம் நாள். புரோகிராம் இருக்கும் இடத்துக்குள் நுழைய அனுமதி வந்தது பதினோராம் நாள். அதுவரை என்ன செய்ய? "கே.டி. வீடியோ பாரு" என்றார்கள். கே.டி. என்றால் தெரிந்தவர் தெரியாதவருக்கு அறிவைக் கைமாற்றுவதாம். அந்த வீடியோவில் பேசுகிற ஆசாமி வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் காட்டுகிற ஸ்க்ரீன் இப்போது இல்லை. அவர் சொல்கிற லிங்க் திறக்கவில்லை.

அனுமதி வந்த பிறகு புரோகிராமைத் தன் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும். டாக்குமென்ட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்தாள். ஓடவில்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தாள். அப்போதும் ஓடவில்லை.

டீமில் ஒரு சீனியரிடம் கேட்டாள். "டாக்குமென்ட் படிச்சியா?" என்றார். படித்தேன் என்றாள். "சரியா படி." அவ்வளவுதான்.

டீமின் குரூப் சாட்டில் கேட்டாள். டீம் லீடர் எல்லோர் முன்னாலும் பதில் போட்டார்: "கேட்பதற்கு முன் கொஞ்சம் ஹோம்வொர்க் செய்யுங்கள்." அதுவும் ஆங்கிலத்தில், கூடவே ஒரு புன்னகை பொம்மையோடு.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தினமும் காலை பதினோரு மணிக்கு ஸ்டாண்ட்-அப் என்று ஒரு சின்ன மீட்டிங். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடை இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "அனலைஸிங் தி இஷ்யூ, வில் கன்டின்யூ டுடே." இந்த ஒரே வாக்கியத்தை ஒன்பது நாள் சொல்லியிருக்கிறாள். தடை இருக்கிறதா என்று கேட்டால், "நோ பிளாக்கர்ஸ்." ஒன்பது நாளும் ராத்திரி பி.ஜி. மொட்டை மாடியில் அழுதிருக்கிறாள்.

பத்தாம் நாள், காபி மெஷின் பக்கத்தில் நின்ற வேறு டீம் பையன் ஒருவன், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டிருக்கிறான். முன்பு இந்த டீமில் இருந்தவனாம். வந்து பார்த்தான். செட்டிங் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றினான். புரோகிராம் ஓடியது. இரண்டு நிமிஷ வேலை!

அந்த வரி எந்த டாக்குமென்ட்டிலும் கிடையாது. டீமில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறாவது மாதம் புரொபேஷன் ரிவ்யூ. என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "கற்றுக்கொள்வதில் மந்தம். தானாக முன்வந்து கேட்பதில்லை." புரொபேஷன் மேலும் மூன்று மாதத்துக்கு நீட்டிப்பு.

கேட்டபோது ஹோம்வொர்க் செய் என்றவர்கள், கேட்காதபோது கேட்பதில்லை என்று எழுதுகிறார்கள். இதற்குப் பெயர் மதிப்பீடாம்!

ராத்திரி தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குப் புரியவே இல்லை. "ஏண்ணே, கூட வேலை பாக்கறவங்ககிட்ட கேட்டா சொல்லமாட்டாங்களா? கேட்டா குத்தமா?"

அவன் ஷாப்பில் புதுப் பையன் சேர்ந்தால் முதல் மாதம் முழுக்கப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். பத்தா, பன்னிரண்டா என்று நாளைக்கு நாற்பது தடவை கேட்பான். தம்பி தலையைத் தூக்காமலே பதில் சொல்வான். பையன் பார்த்துக்கொண்டே இருப்பான். இன்ஜின் சத்தத்தை வைத்து வியாதி சொல்வது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பக்கத்தில் நின்றால்தான் வரும். ரொம்பப் புகழவும் வேண்டாம். அந்தப் பையனுக்கு மண்டையில் குட்டும் விழும், திட்டும் விழும், சம்பளமும் சொற்பம்தான். ஆனால் கேட்டதற்காக யாரும் அவனை மந்தம் என்று எழுதி வைப்பதில்லை. ஏனென்றால், அவன் தப்பாக மாட்டினால் மறுநாள் வண்டி திரும்பி ஷாப்புக்கே வரும் என்று தம்பிக்குத் தெரியும்.

கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற எம்.பி.ஏ.க்களுக்கு இது ஏன் தெரியவில்லை?

தெரியும். நன்றாகவே தெரியும். 1975-லேயே ஒருவர் புத்தகமாக எழுதிவைத்துவிட்டார். ஃப்ரெட் புரூக்ஸ் என்று பெயர். ஐ.பி.எம். கம்பெனியில் சிஸ்டம் 360 கம்ப்யூட்டர்களுக்கான பிரமாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைக்குத் தலைமை வகித்தவர். கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது வாங்கியவர். 2022-ல் காலமானார். 'தி மித்திக்கல் மேன்-மன்த்' என்ற அவருடைய புத்தகத்தின் பெயரைக் கேள்விப்படாத சாஃப்ட்வேர் மேனேஜர் அபூர்வம். அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம்: ஏற்கெனவே தாமதமான புராஜெக்ட்டில் மேலும் ஆட்களைச் சேர்த்தால், அது இன்னும் தாமதமாகும்.

ஏன்? புதிதாக வந்தவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கக் கூடியவர், ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்தான். அவருடைய நேரம் போகும். அதோடு, ஆள் கூடக் கூட, ஒருவரோடு ஒருவர் பேசித் தீர்க்கவேண்டிய வழிகளும் பெருகும். ஐந்து பேர் டீமில் இரண்டிரண்டு பேராகப் பேச 10 வழிகள். பத்துப் பேர் என்றால் 45. பதினோராவதாக ஒருவர் சேர்ந்தால் 55.

அதாவது, புதியவரை நிலைக்க வைப்பது என்பதே ஒரு வேலை. அதற்கு நேரம் ஆகும், காசு ஆகும். ஐம்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் என்ற இன்னொரு டூரிங் விருதுக்காரர் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புரோகிராம் என்பது வெறும் எழுத்து வரிகள் மட்டும் அல்ல, அதை எழுதியவர்கள் மனதில் அதைப் பற்றி இருக்கும் புரிதல்தான் முக்கியம் என்றார். ஏன் இப்படி எழுதினோம், எங்கே கைவைத்தால் எங்கே இடிக்கும் என்கிற புரிதல். அதை டாக்குமென்ட்டில் முழுசாக இறக்கிவைக்க முடியாது. தெரிந்தவர்களோடு சேர்ந்து வேலை பார்த்துத்தான் புதியவர் அதைப் பெற முடியும். என் தம்பி ஷாப்பில் நடப்பதும் அதேதான். அவனுக்கு டூரிங்கும் தெரியாது, டென்மார்க்கும் தெரியாது.

எல்லாம் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? இதைக் கேட்க, இன்னொரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிற ஒரு தம்பியைப் பிடித்தேன். பக்கத்து ஃபிளாட்காரர். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லிக் குடுக்க எனக்கும் ஆசைதான் சார். ஆனா அதை எந்தக் கோடுல போடறது?"

கோடு என்று அவர் சொன்னது டைம்ஷீட்டில் போடுகிற எண். நம்மூர் சர்வீஸ் கம்பெனிகள் பலவற்றின் வியாபாரம் சுலபம். இத்தனை தலை, இத்தனை மணி நேரம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் போடுவது. ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு கோடில் ஏற வேண்டும். வாடிக்கையாளர் காசு கொடுக்கிற வேலைக்குக் கோடு உண்டு. மீட்டிங்குக்குக் கோடு உண்டு. தீ விபத்து ஒத்திகைக்குக்கூட ஏதோ ஒரு கோடு உண்டாம். பக்கத்து சீட்டில் இருக்கிற புதுப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அதற்குக் கோடு இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவர் ராத்திரி தன் வீட்டில் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும்.

"போன வருஷம் ஒரு பையனுக்கு மூணு மாசம் சொல்லிக் குடுத்தேன் சார். நல்லா வந்தான். என் டிக்கெட் ரெண்டு லேட் ஆச்சு. அப்ரைசல்ல அந்த ரெண்டு டிக்கெட்தான் வந்துச்சு, அந்தப் பையன் வரல."

இப்போது புரிகிறதா? 'டாக்குமென்ட் படிச்சியா' என்று கேட்ட அந்த சீனியர் ராட்சஸன் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். உதவி செய்தால் நஷ்டம், செய்யாவிட்டால் லாபம் என்று கம்பெனியே அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் விழுகிற துண்டை, மொட்டை மாடியில் அழுகிற 22 வயசுப் பெண் கட்டுகிறாள்.

இதில் இன்னும் இரண்டு பாரம் அவள் தலையில். ஒன்று, பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சந்தேகம் மண்டையில் தமிழில் வருகிறது. அதை ஆங்கிலத்தில் திருப்பி, தப்பில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடுகிறது. டீமில் பாதிப் பேர் புனேயிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள். பேச்சு பாதியில் இந்திக்குத் தாவினால் இவள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. பழையவர்களுக்கு அது வரப்பிரசாதம், நான் மறுக்கவில்லை. புதியவளுக்கு சீனியர் என்பவர் ஸ்க்ரீனில் ஒரு பச்சைப் புள்ளி. அவர் பிஸியா, சும்மா இருக்கிறாரா, நல்ல மூடா, கெட்ட மூடா, எதுவும் தெரியாது. எட்டிப் பார்த்து "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்ல முடியாது. எழுதி அனுப்ப வேண்டும். எழுதினால் அது பதிவாகிறது. பதிவானால் ரிவ்யூவில் வருமோ என்று பயம்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

"சார், நாங்கதான் லட்சக்கணக்கில் செலவு பண்ணி டிரெயினிங் தர்றோமே?" தருகிறீர்கள். ஜாவா சொல்லித் தருகிறீர்கள். அந்த செட்டிங் ஃபைலில் இருக்கிற ஒரு வரியைச் சொல்லித் தருவதில்லை. சில இடங்களில் டிரெயினிங் என்பதே வடிகட்டுகிற சல்லடையாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மைசூரில் நாடறிந்த ஒரு நிறுவனம், உள் தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியது. அவர்களில் பலர் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருந்து வேலையில் சேர்ந்தவர்கள். இரண்டு வருஷம் காக்க வைக்க முடிந்த கம்பெனியால், இன்னும் இரண்டு மாதம் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

"சொல்லிக் கொடுத்தா வேற கம்பெனிக்கு ஓடிடறாங்க சார்." அதற்குத்தான் பாண்டு எழுதி வாங்கிவிடுகிறீர்களே? என் தம்பி மகளும் ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷம் முடியும் முன் வேலையை விட்டால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெளிப்படையாக விளம்பரம் செய்து ஆள் எடுக்கிற செலவு, திடீரென்று ஆள் போனால் ஏற்படும் நஷ்டம் இதையெல்லாம் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொண்டது. சரி, அந்தத் தீர்ப்பை இந்த பாண்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவில், பத்திரத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து அதற்குள் நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. நியாயமான என்றால், ஏதாவது கணக்கு வேண்டாமா? ஓடிப் போனவளிடம் ஒன்றரை லட்சம் கேட்கிற கம்பெனியிடம் நான் கேட்கிறேன்: இருந்தபோது அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? யார் சொல்லிக் கொடுத்தார்? எத்தனை மணி நேரம்? எந்தக் கோடு?

"போட்டி உலகம் சார், தானா நீந்தத் தெரிஞ்சவன்தான் பிழைப்பான்." இதைச் சொல்பவர்களை டொயோட்டா பற்றிப் படிக்கச் சொல்வேன். டொயோட்டாவின் கார் தொழிற்சாலையில் தொழிலாளியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கயிறு இருக்கும். அவருக்கு ஏதாவது சந்தேகம், ஏதாவது சரியில்லை என்று பட்டால் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும். டீம் லீடர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தை வண்டி தாண்டுவதற்குள் பிரச்னை தீரவில்லையென்றால் மொத்த வரிசையும் நிற்கும். இழுத்தவரை ஹோம்வொர்க் செய் என்று யாரும் சொல்வதில்லை. உதவி கேட்பது வேலையின் ஒரு பாகம் என்று அந்தக் கம்பெனி முடிவு செய்தது. அவர்கள் கார் ஒன்றும் விற்காமல் போய்விடவில்லை. மென்பொருள் நிர்வாகிகள் டொயோட்டாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், கான்பன் என்று பலகை மாட்டுவார்கள். அந்தக் கயிற்றை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஃபேஸ்புக் பல வருஷம், புதிதாகச் சேரும் இன்ஜினீயர்களுக்கு ஆறு வாரம் 'பூட்கேம்ப்' நடத்தியது. கூடவே ஒரு வழிகாட்டி, நிஜமான சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தும் வேலை. எட்ஸி என்ற கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே, ஊழியர் பக்கத்தில் தன் படத்தைத் தானே ஏற்றச் சொல்லி, புரோகிராமை வெளியிடும் வழி முழுவதையும் நடந்து பார்க்க வைத்தார்கள். தர்மத்துக்காகச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு அது லாபம். அங்கே பொருள் அவர்களுடையது, சீக்கிரம் தேறினால் அவர்களுக்குத்தான் நல்லது. இங்கே மணிக்கணக்கை விற்கிறோம். தேறாமல் இருக்கிற நேரத்தின் நஷ்டத்தைப் புதியவள் தலையில் கட்டிவிடலாம் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு அலட்சியம்.

"இனிமே அதெல்லாம் பிரச்னை இல்ல சார், ஏ.ஐ. வந்தாச்சு. மெஷின்கிட்ட கேட்டுக்கட்டும்." இது புதுப் பம்மாத்து. ஒப்புக்கொள்கிறேன், அந்த மெஷினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. என் தம்பி மகளும் அந்த ஒன்பது நாளும் அதனிடம்தான் கேட்டிருக்கிறாள். பொறுமையாக ஒன்பது விதமான யோசனை சொல்லியிருக்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை. எப்படிப் பலிக்கும்? எங்குமே எழுதி வைக்காத ஒரு வரி அதற்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் மண்டைக்குள் பூட்டி வைத்திருப்பதை மனிதர்கள்தான் திறக்க வேண்டும்.

இதைவிட அபாயம் இன்னொன்று. சின்ன வேலைகளை மெஷினே செய்துவிடும், புதியவர்கள் அதிகம் வேண்டாம் என்று இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்கள். சரி, மெஷின் தப்புப் பண்ணினால் கண்டுபிடிக்க ஒரு சீனியர் வேண்டுமே? சீனியர் என்ன மரத்திலா காய்க்கிறார்? பத்து வருஷம் முன்னால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த ஜூனியர்தானே அவர்? விதை நெல்லை அவித்துத் தின்கிற வேலை இது.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2008-வாக்கில் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் புதியவர்களுக்குக் கொடுத்தது வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம். இன்றும் பெரும்பாலோருக்குச் சுமார் மூன்றரை லட்சம்தான். நடுவில் காரப்பாக்கத்தில் பி.ஜி. வாடகை எத்தனை மடங்கு ஏறியது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். சம்பளமும் ஏறவில்லை, சொல்லிக் கொடுக்கவும் நேரமில்லை என்றால், பிறகு புதியவர்களுக்கு என்னதான் தருகிறீர்கள்? ஐ.டி. கார்டும் கழுத்துப் பட்டையுமா?

வெறுமனே திட்டிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: புதியவர் சேருகிற தேதி கம்பெனிக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். முதல் நாள் காலையிலேயே லேப்டாப்பும் அனுமதிகளும் தயாராக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு, மாப்பிள்ளை வந்த பிறகா பந்தல் போடுவது?

இரண்டு: ஒவ்வொரு புதியவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு சீனியர் பொறுப்பு. தினம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு டைம்ஷீட்டில் கோடு. அதற்கான காசைக் கம்பெனி தன் பாக்கெட்டிலிருந்து போடட்டும். இது ஒன்று நடந்தாலே மீதியெல்லாம் தானாக நடக்கும்.

மூன்று: புதியவர் எங்கே தடுக்கி விழுந்தாரோ, அங்கேதான் டாக்குமென்ட்டில் ஓட்டை. அதை அவரையே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். பழையவர்கள் கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியாது.

நான்கு: புரொபேஷன் ரிவ்யூ இரண்டு பக்கமும் நடக்கட்டும். புதியவர் என்ன கற்றார் என்று டீம் லீடர் எழுதட்டும். டீம் என்ன கற்றுக் கொடுத்தது என்று புதியவர் எழுதட்டும். 'மந்தம்' யார் என்று அப்போது தெரியும்.

இந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம் நீங்களாகவே முட்டிப் பாருங்கள். முடியவில்லையா, என்னென்ன செய்தீர்கள், எங்கே நின்றது என்று நாலு வரி எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஒருவர் முறைத்தால் அடுத்தவரைக் கேளுங்கள். ஸ்டாண்ட்-அப்பில் தடை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தப்பினால் தப்பட்டும், அதனால் ஒன்றும் குடி முழுகாது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் முழுகும்.

அப்புறம், ஐ.டி. ஊழியருக்குச் சட்டமே கிடையாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். தொழிலாளர் சட்டங்கள் ஐ.டி. கம்பெனிகளுக்கும் உண்டு, அங்கேயும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் படியுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். தினமும் போனில் "என்னம்மா, செட்டில் ஆயிட்டியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதிலைத் தவிர வேறு எதையும் அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடிவதில்லை. உங்கள் கல்விக் கடன் அவர்கள் தொண்டையை அடைக்கிறது. "இன்னிக்கு யார்கிட்ட என்ன கேட்ட?" என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி இப்போது அப்படித்தான் கேட்கிறான். ஊருக்கு வரவேண்டாம், இருந்து பார் என்று சொல்லிவிட்டான். "என் ஷாப்புக்கு வந்த பயலே ஆறு மாசம் கழிச்சுதான் கார்புரேட்டர்ல கை வெச்சான். நீ என்ன பெரிய இவளா, ஒன்பது நாள்ல எல்லாம் தெரிய?" என்று அவன் பாணியில் ஆறுதல்.

போன வாரம் அவள் போன் பண்ணினாள். டீமில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறானாம். அவன் வருவதற்கு முன்பே இவள் அந்த டாக்குமென்ட்டை எடுத்து, விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்து, செத்துப்போன லிங்க்கையெல்லாம் மாற்றி, முழுசாகத் திருத்தி வைத்துவிட்டாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அதற்கும் கோடு கிடையாது. ராத்திரி பி.ஜி.யில் உட்கார்ந்து செய்திருக்கிறாள்.

பையன் அதைப் பார்த்துச் செய்தான். ஒரே நாளில் புரோகிராம் ஓடிவிட்டது.

மறுநாள் ஸ்டாண்ட்-அப்பில் டீம் லீடர் அந்தப் பையனைப் பாராட்டினாராம், "குயிக் லேர்னர்!" என்று.

இவளுடைய புரொபேஷன் இன்னும் முடியவில்லை.